சாய்த்து வைத்த போர்டு

"வாப்பா விஜயபாண்டி! ஒன் பெட்டி மறுபடியும் மண்டையப் போட்டிருச்சு!"

கோம்பையைத் தாண்டியிருந்த அந்தச் சின்ன ஊரின் பால் சங்க வாசலிலேயே தலைவர் சீனிச்சாமி வழிமறித்தார். மதுரையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்த சர்வீஸ் இன்ஜினீயர் விஜயபாண்டிக்கு முகம் கழுவக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பால் கேனை இறக்கிய அக்கம்மாள் சிரித்தாள். "எம் மருமகன்கூட ஊருக்கு இம்புட்டுத் தடவ வந்ததில்ல தம்பி. பாரு, நாயிகூட ஒன்னையப் பாத்து வாலாட்டுது!"

கோம்பை நாய் லேசில் யாருக்கும் வாலாட்டாது. விஜயபாண்டி அசட்டுச் சிரிப்போடு உள்ளே நுழைந்தான்.

பாலின் எடை, கொழுப்பு பார்த்துச் சீட்டு அடிக்கும் பெட்டி மௌனமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் அபிதா, உத்தமபாளையத்தில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள், கையாலேயே சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். நேத்து சாயங்காலம் கரண்டு போச்சு. வந்ததும் பாத்தா அதே மெசேஜ்தேன். லைப்ரரியக் காணோமாம்."

"அதென்னப்பா, கரண்டு போகையிலெல்லாம் காணாமப் போகுது?" என்றபடி பின்னாலேயே வந்தார் சீனிச்சாமி.

"கொழுப்பு பாக்குற புரோகிராம், சீட்டு அடிக்கிற புரோகிராம், ரெண்டும் தேடி எடுக்குற பொதுவான ஃபைல் ஒண்ணு இருக்கு, அதுதேன் லைப்ரரி தலைவரே. கம்பெனில புதுசு குடுத்தாக. அதுக்குப் பேரு வேற. ஆனா புரோகிராம் ரெண்டும் பழைய பேரச் சொல்லித்தேன் தேடும். அதுக்காகப் பழைய பேருல ஒரு லிங்க் போட்டு, புதுசக் காட்டி விடணும். பஞ்சாயத்து ஆபீஸ் எடம் மாறுனா, பழைய கட்டடத்து வாசல்ல 'ஆபீஸ் இப்ப அங்கன இருக்கு'ன்னு அம்புக்குறி போட்டு போர்டு வைப்பாகல்ல, அது மாதிரி."

"சரி. போர்டு சும்மாச் சும்மா விழுதுன்னா, நீ ஆணியடிச்சு மாட்டல. சுவத்துல சாச்சு வச்சிட்டுப் போயிருக்க!"

விஜயபாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனிதர் சரியாகப் பிடித்துவிட்டார்.

பெட்டிக்குள் இரண்டு இடங்கள். ஒன்று, கரண்டு போனதும் காலியாகிவிடும் மெமரி. இன்னொன்று, எது போனாலும் அழியாத சிப். பெட்டியை ஆன் செய்தால், சிப்பில் இருப்பதெல்லாம் மெமரிக்கு வந்துவிடும். விஜயபாண்டி லிங்கை இதுவரை மெமரியில் மட்டும்தான் போட்டு வந்தான். முதல் தடவை மறதியில். அதற்கப்புறம், "டீ ஆறுது சார்" என்று அபிதா சொல்வதைக் கேட்பதற்காக.

"இதுதேன் கடைசி, தம்பி." சீனிச்சாமியின் குரல் இறுகியது. "சித்திரைல வீரபாண்டித் திருவிழா வருது, சனத்துக்குப் பால் கணக்கு முடிக்கணும். இன்னொரு தடவ நின்னுச்சு, பெட்டியத் திருப்பி அனுப்பிருவேன். ஒன் மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன். அப்படி நடந்தா ஒன்னைய வேலைய விட்டே தூக்கிருவோம்னுட்டாரு."

சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

லிங்கைச் சிப்பில் போட்டால் வேலை தப்பும். ஆனால், இந்த ஊருக்கு வர அப்புறம் ஒரு காரணமும் இருக்காது.

அபிதா டீ டம்ளரை நீட்டினாள். "தலைவரு அப்படித்தேன் சத்தம் போடுவாக. மனசுல ஒண்ணும் கெடையாது. டீ ஆறுது சார்."

"இன்னைக்கு ஆணியடிச்சிரப் போறேங்க. பெட்டி இனிமே நிக்காது. நானும்… வர வேண்டியிருக்காது."

அவள் பேனா நின்றது. "அப்படியா?" என்றாள். அவ்வளவுதான்.

விஜயபாண்டி லேப்டாப்பை இணைத்தான். சிப்புக்குள் நுழைந்து, லிங்க் போடும் கட்டளையை அடித்தான். எண்டர் பொத்தானுக்கு மேல் விரல் தயங்கித் தயங்கி நின்றது. ஒருவழியாகத் தட்டினான்.

'அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது' என்றது திரை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். லிங்க் சிப்பிலேயே இருந்தது. ஒரு புள்ளி பிசகாமல் புது லைப்ரரியைக் காட்டிக்கொண்டிருந்தது. தேதி, பொங்கலுக்கு முந்தின வாரம். அவனைத் தவிர இந்தப் பெட்டியைத் தொடுகிறவள் ஒருத்திதான்.

மெதுவாகத் திரும்பினான். "இது… நீங்க போட்டதா?"

"நீங்க அடிக்கிறதப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். பஸ்ஸுல வந்து சிரமப்படுறீகளேன்னு போட்டு விட்டேன்."

"அப்ப, பொங்கலுக்கப்புறம் கரண்டு போனாலும் பெட்டி நின்னிருக்கவே கூடாதே?"

அபிதா எழுதிய சீட்டுகளை அடுக்கினாள். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். தலை மட்டும் நிமிரவில்லை.

"கரண்டு போயி அது ஒரு தடவகூட நிக்கல சார். ஆனா, ஆணியடிச்சப்புறம் நீங்க இந்தப் பக்கமே வரல… அதான், பெட்டி ஆன் ஆனதும் மெமரில இருக்குற லிங்க மட்டும் நாந்தேன் அழிச்சு விடுறேன்."