கதவுக்கு அந்தப் பக்கம்

"ஏனுங்க, நீங்க மனுசன்தானுங்களா? உங்க டிரைலர்ல இருந்து அந்தக் கதவு தட்டற சத்தத்தை இப்பவே, என் கண்ணு முன்னால எடுங்க!"

மகுடேஸ்வரன் மேசையில் ஓங்கி அறைந்தார். எதிரே உட்கார்ந்திருந்த அருள்குமார் அசையவில்லை. பேய்ப் படம் எடுக்கிறவன் ஒரு முதலாளியின் கூச்சலுக்குப் பயந்தால் பிழைப்பு நடக்குமா? அவிநாசிபாளையம் ரோட்டில் இருக்கும் இந்தப் பனியன் கம்பெனியின் பின்பக்கத்தைப் போன ஆடி மாதம் வாடகைக்குப் பிடித்துப் படம் எடுத்த இயக்குநர் அவன். டிரைலர் வந்ததும் வந்தது, டீக்கடை முதல் கல்யாண மண்டபம் வரை அதே பேச்சுதான்.

"அதை எடுத்தா டிரைலரே செத்துருமுங்க. சனங்க பயப்படறதே அந்த எடத்துலதானுங்க."

"அப்படி என்னத்தைக் காட்டிப் போட்டீங்க? ஒரு கதவு! வெறுங்கதவு!"

"அதானுங்க சூட்சுமம். பேயைக் காட்டினா இந்தக் காலத்துப் பசங்க சிரிச்சுப் போடறாங்க. மியூசிக்கை டக்குனு நிறுத்தோணும். சாத்தின கதவை மட்டும் காட்டோணும். உள்ளே இருந்து தட்டற சத்தம் வரோணும். அவ்வளவுதான். உள்ளே இருக்கற பேயை அவனவன் மனசே செஞ்சுக்கும். அது என்னன்னு பாக்காம தூக்கம் வராது. டிக்கெட் எடுத்துட்டு வந்துருவான்."

"அவன் வருவான்! என் கம்பெனிக்கு ஒருத்தி வரமாட்டீங்கறாளே!"

கோபத்தில் மகுடேஸ்வரனின் காது மடல்கூடச் சிவந்துவிட்டது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். தையல் மெஷின்கள் உறை போட்டபடி கிடந்தன. ஹாஸ்டல் பெண்கள் பையும் மூட்டையுமாக கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை கண்டெய்னர் கிளம்பியாக வேண்டும். தவறினால் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இனி இவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

"பூசணிக்காய் உடைச்சாச்சு. காங்கேயத்துல இருந்து பூசாரியைக் கூட்டியாந்து பூசையும் போட்டாச்சு. ஒருத்தியும் மசிய மாட்டீங்கறா. போன ஆடியில ஒரு புள்ளை பின்பக்கம் இருக்கற எங்க துணிக் குடோனுக்குள்ள வலிப்பு வந்து செத்துப்போச்சுங்க. விஜயராணின்னு பேரு. அதுதான் கதவைத் தட்டுதாம். உங்க டிரைலர் அதுக்குச் சாட்சியாம்!"

"ஐயையோ, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"சத்தமில்லாமப் போன உசுருங்க அது. ஒரு கொரல் கொடுத்திருந்தா நாங்க ஓடிப்போயித் தூக்கியிருக்க மாட்டோமா? அந்தப் புள்ளையோட அம்மா இங்கதான் துணி செக்கிங்ல வேலை பாக்குது. மகளைப் பேயாக்கி ஊருக்கு வேடிக்கை காட்டினா பெத்த வயிறு எப்படி எரியும்னு அதுகிட்டயே கேளுங்க! ஏம்மா முத்துப்பேச்சி, இங்க வா!"

தான் சொல்லிக் கேட்காதவன் பெற்றவள் சொன்னால் கேட்பான் என்பது அவர் நினைப்பு. முத்துப்பேச்சி வந்து நின்றாள். விருதுநகர்ப் பக்கமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு பிழைக்க வந்தவள், இப்போது ஒற்றை ஆள். மற்றவர்கள் பயந்து வெளியே நிற்கும்போது அவள் மட்டும் வேலைக்கு வந்திருந்தாள். மகள் பேயாக வந்தாலும் சரி, பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"சொல்லும்மா. பயப்படாமச் சொல்லு."

"நான் இன்னும் பாக்கலையே முதலாளி. ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க."

அருள்குமார் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். இசை ஏறியது. சட்டென நின்றது. கதவு. உள்ளேயிருந்து தட்டும் சத்தம், முதலில் மெதுவாக, பிறகு படபடவென்று, பிறகு தளர்ந்து தளர்ந்து. முத்துப்பேச்சியின் உதடு நடுங்கியது.

"பாத்தீங்களா அது மொகத்தை? பாத்தீங்களா?" என்று சீறினார் மகுடேஸ்வரன்.

அருள்குமார் எழுந்தே விட்டான். "மன்னிச்சுக்கங்கம்மா. எனக்கு டிரைலர் பெருசில்லை. இப்பவே எடுத்துடறேன்."

மகுடேஸ்வரன் 'அப்பாடா' என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"இருங்க தம்பி," என்றாள் முத்துப்பேச்சி. "இந்தச் சத்தத்த எதை வச்சுத் தட்டிச் செஞ்சீக?"

"செய்யவே இல்லீங்கம்மா. அந்தக் கதவு முன்னால கேமராவும் மைக்கும் வச்சப்ப தானா வந்துச்சு. நாங்களா செஞ்சா இவ்வளவு நெசமா வராது."

"என்னைக்கு?"

மகுடேஸ்வரன் சடாரென எழுந்தார். "பேசினது போதும், கெளம்புங்க! எடுக்கறேன்னு சொல்லிட்டீங்கல்ல, போயி எடுங்க!"

"என்னைக்கு தம்பி?" முத்துப்பேச்சி போட்ட சத்தத்தில் கேட்டில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"துணி வாங்கற வெள்ளைக்காரங்க திடீர்னு கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வந்தாங்களேம்மா, அன்னைக்கு."

"அன்னைக்குத்தான்யா எம்மவளுக்கு வயசு பத்தலைன்னு, அவுக கண்ணுல படாம அந்தக் குடோன்ல தள்ளிப் பூட்டுனாக! துளிச் சத்தம் போடாமச் செத்தாள்னு இந்த மனுசன் சாமி மேல சத்தியம் பண்ணுனாரு!"

"அது தகரம்! காத்துக்கு அடிச்ச தகரமுங்க!" என்று கத்தினார் மகுடேஸ்வரன்.

அருள்குமார் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் குரலும் ஏறிவிட்டது.

"அன்னைக்கும் எங்க பக்கத்துல நின்னு இதையேதானுங்க சொன்னீங்க. சத்தம் நின்னதுக்கு அப்புறம் ஷூட்டிங்கை வச்சுக்கங்கன்னும் சொன்னீங்க. அது நிக்கறதுக்கு ரொம்ப நேரமாச்சுங்க."