கறியில்லாத சோறு

"வீடே கறி திங்கிது டாக்டரம்மா. எனக்கு மட்டும் வெறுஞ்சோறு!"

கட்டிலில் உட்கார்ந்திருந்த சோணைமுத்து தட்டைக் குத்திய குத்தில் முன்னால் இருந்த ஸ்டூலே ஆடியது. மூளையில் ரத்தக் கசிவு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து விளாங்குடி வீட்டுக்கு அவர் திரும்பி நாற்பது நாளாகிறது. பயிற்சி கொடுக்க இன்றுதான் முதன்முறையாக வந்திருந்தாள் பிசியோதெரபிஸ்ட் ஜெனிஷா.

"இல்ல மேடம். கறி வச்சுத்தான் குடுத்தேன்" என்றாள் மருமகள் முத்துமீனா.

"எங்கடி கறி? காட்டு பாப்போம்! ஒன் கொடும தாங்காமத்தான எம்பொண்டாட்டியும் வீட்டவிட்டுப் போயிட்டா? நாப்பது நாளா எட்டிப் பாக்கல. போலீசுல சொல்றேன் இரு!"

முத்துமீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெனிஷா தட்டைக் குனிந்து பார்த்தாள். வலது பாதி மட்டும் வழித்துத் துடைத்தாற்போல இருந்தது. தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள்.

"அட, கறி!" சோணைமுத்து ஆவலாக அள்ளினார். "இம்புட்டு நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

"கறி மொதல்லயே தட்டுல இருந்துச்சுக்கா" என்றாள் ஜெனிஷா. "கண்ணுல கோளாறு இல்ல. மூளை அடிபட்டதுல, இவருக்கு எடது பக்கம்னு ஒண்ணு இருக்கதே தெரியல. அந்தப் பக்கமிருந்து பேசுனாக்கூட மனசுல ஏறாது."

முத்துமீனா திடுக்கிட்டாள். கட்டிலின் இடது பக்கம் ஓடினாள். நாற்பது நாளாக அவருடைய விளங்காத கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்த மாமியாரை எழுப்பி, வலது பக்கம் கூட்டிவந்து நிறுத்தினாள்.

சோணைமுத்துவின் வாயருகே சோறு அப்படியே நின்றது.

"மலையம்மா... எப்ப வந்த?"