பழைய அளவு

தொப்பிக்காரம்மா என் தலையைச் சுற்றி நாடாவைப் போட்டு இழுத்தார். ஐம்பத்தேழு சென்டிமீட்டர்.

பிறகு நான் கொண்டுபோன தொப்பியின் உள்பக்கத்தை அளந்தார். அதுவும் ஐம்பத்தேழு.

"உங்க தலைக்குன்னே செஞ்ச மாதிரி கச்சிதமா இருக்கு ஐயா. இதைப் போய் எதுக்குப் பெருசாக்கச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான். பதிலும் என்னிடம் இருந்தது.

அந்தப் பட்டறையைக் கண்டுபிடிக்கவே பத்து நாள் அலைந்திருந்தேன். சலவைக் கடையில் கையை விரித்துவிட்டார்கள். செருப்பு தைப்பவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளும்படி புத்தி சொன்னார். கடைசியில், நாடகக் குழுவுக்கு உடை தைக்கும் ஒரு பெண்தான் விலாசம் எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவன் நான், எனக்கு இது வேண்டியதுதான்.

தொப்பியைக் கெடுத்தது வேறு யாருமில்லை. நானேதான்.

ஒரே தூசியாக இருக்கிறதென்று என் மனைவி ஒரு நாள் முகம் சுளித்தாள். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி கொதிக்கிற தண்ணீரில் சோப்பைக் கரைத்து ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து, ஹீட்டர் மேல் காயப்போட்டேன். ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை, அழுத்திச் சேர்த்த ரோமம், வெந்நீர் பட்டால் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் என்று தொப்பிக்காரம்மா விளக்கியபோதுதான் எனக்கே தெரிந்தது.

என் மனைவிக்கு இரண்டு வருடமாக நினைவு தங்குவதில்லை. வெறும் தலையோடு எதிரில் போனால் நான் யாரென்று தெரியாது. முன்பின் தெரியாத ஆணோடு தனியாக இருக்கிற பயத்தில் சுவரோரம் ஒடுங்கிவிடுவாள். நான் நீட்டும் ஸ்பூனுக்கு வாயைத் திறக்க மாட்டாள்.

அந்தச் சாம்பல் நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக் கதவை நானே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனால் போதும். முகம் மலர்ந்துவிடும். கிண்ணம் மளமளவென்று காலியாகும்.

சுருங்கிய தொப்பியோடும் போய்ப் பார்த்தேன். முன்பு அது புருவத்தை மறைத்துக்கொண்டு இறங்கி நிற்கும். இப்போது மண்டையில் அம்சமாக உட்கார்ந்து என் முகத்தை முழுசாகக் காட்டியது. அவள் வீலென்று அலறினாள்.

அன்றிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வந்துதான் ஊட்டுகிறாள். அரைக் கிண்ணம் இறங்கினாலே அதிகம். வளையல் நழுவி முழங்கைக்குப் போகிறது. இப்படியே போனால் எத்தனை நாள் தாங்குவாள்?

இதையெல்லாம் தொப்பிக்காரம்மாவிடம் சொல்லவில்லை. பழைய அளவுக்கே வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் உள்ளே இருந்த தோல் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்து, அதில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். அறுபது. என் தலையை ஒரு தரம் பார்த்தார். வயதானால் தலையும் சுருங்குமா என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

கெட்டில் ஆவியில் தொப்பியைக் காட்டி இளக்கி, மரத்தலையில் மாட்டி, கட்டை விரல்களால் கீழ்நோக்கி இழுக்க ஆரம்பித்தார். ஆவி பட்டுப் பட்டு அந்த விரல்கள் காய்த்துப்போயிருந்தன. அவசரப்பட்டால் கிழிந்துவிடும், நாலு நாள் ஆகும் என்றார்.

போதும், இப்படியே கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல ஒரு கணம் நாக்கு துடித்தது. அந்தத் தொப்பி எனக்குச் சரியாக இருந்தது சுருங்கிக் கிடந்த அந்தச் சில நாட்கள்தான். ஆனால் வளையல் ஞாபகம் வந்தது. முன்பணத்தை எண்ணி வைத்தேன்.

ஐந்தாம் நாள் தொப்பி கைக்கு வந்தது. என் வீட்டு வாசலில் நின்று, செய்தித்தாளைப் பட்டையாக மடித்து உள்ளே செருகினேன். இரண்டு வருடமாக இப்படித்தான். காகிதம் வைக்காவிட்டால் தொப்பி என் மூக்கு வரை வந்துவிடும்.

அறுபது என்பது அவர் தலை. என் மனைவியின் முதல் கணவர். அவர் இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் நான் இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் பழுது பார்க்க வந்தேன். அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அலமாரி மேலிருந்த அந்தத் தொப்பியைத் தூக்கி எறி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இரண்டு தட்டுத் தட்டுவதும் அவர் வழக்கம்தான். கல்யாணமான புதிதில் அவளே சொன்னது.

தட்டினேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

நாற்காலியில் இருந்தவள் முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தாள். கையைப் பிடித்து அருகில் இழுத்து, ரகசியம் போலச் சொன்னாள்.

"வந்துட்டீங்களா? நீங்க இல்லாதப்ப யாரோ ஒரு ஆளு நம்ம வீட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்தாரு. பாவம், நல்ல மனுஷனாத்தான் தெரியுது. சாப்பிட ஏதாவது குடுத்து அனுப்பி விட்டுடுங்க."

சரி என்று தலையாட்டினேன்.

வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். ஓர் ஆள் படியிறங்கிப் போகும் நேரம் அங்கேயே நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

வாயைத் திறந்தாள்.