மகிழினியின் கேன்

தூத்துக்குடிக்கு அப்பால், கடல்மேல் கட்டிய ஆலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழித்து மகிழினி கோவில்பட்டிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா தன்ஷிகா ஒரு டம்ளர் நல்ல தண்ணீரை நீட்டினாள்.

"நீ வாராவாரம் அனுப்புற கேன்ல மிச்சம் பிடிச்சது. குடி."

"இப்ப வேண்டாம்மா. பஸ்லயே குடிச்சுட்டேன்."

"பெத்தவ வீட்டுல தண்ணி வேண்டாங்கிற அளவுக்கு என்னடி கோபம்?"

மகிழினி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஒரு கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, மடமடவென்று குடித்தாள். திரும்பியபோது அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"என்ன காரியம்டி பண்ற?"

"கடல் தண்ணி குடிக்கிற மாதிரி ஆலையில என் கிட்னியை மாத்திட்டாங்கம்மா. மாத்திக்கிட்டவங்க பங்கு நல்ல தண்ணியை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. இனிமே வெறும் நல்ல தண்ணி குடிச்சா எனக்கு வலிப்பு வந்துரும்."

"ஆலையில மிச்சமாகுற தண்ணின்னு சொன்னியே."

மகிழினி டம்ளரின் அடியில் தங்கிய உப்பை விரலால் வழித்து நக்கினாள்.

"பழையபடி மாத்த முடியாதா?"

"பழசைத்தான் எடுத்துட்டாங்களே." டம்ளரைக் கழுவாமல் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் அவள் பஸ் ஏறிய பிறகு, அவள் பெயர் எழுதிய கேன் வழக்கம்போல் வந்து இறங்கியது. அம்மா அதை உள்ளே எடுக்கவில்லை. வாசலிலேயே அதற்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டபோது, மூடியைத் திருகினாள்.