முதல் சொட்டு

தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தபோது தனம் பாருக்குள் நுழைந்தாள்.

மேற்குத் தாம்பரத்துப் பெண்கள் ஒரு வருஷம் வெயிலில் உட்கார்ந்து மூட வைத்த கடை. முன்வரிசையில் உட்கார்ந்தவள் அவள்தான். இன்றோடு கடைக்குப் பூட்டு. வெளியே எல்லோரும் கேசரி கொடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் நழுவி வந்திருந்தாள்.

மேசைகளைக் கவிழ்த்து அடுக்கிவிட்டார்கள். மூலையில் ஒரே ஒரு பெரியவர், கடைசி குவார்ட்டரோடு. பெயின்டர் டெனிஸ். அவளுடைய மகன் சுகுமார் இவரோடுதான் குடிப்பான் என்று கேள்வி.

வீட்டை விட்டுப் போனவன் இங்கேயே கிடந்தான். போன வருஷத்துக் கார்த்திகையில், பெரியாஸ்பத்திரியில் மஞ்சள் பூத்த பிணமாகத்தான் அவனை மறுபடி பார்த்தாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினானா? அது தெரிந்தால் போதும். நாளைக்குக் கேட்க இடம் இருக்காது.

டெனிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாம்மா, ஜெயிச்சிட்டீங்களா? எங்க நைனா காலத்துல இங்க பனமரம், கள்ளுக்கடை. அப்பால சாராயக்கடை. அப்பால பிராந்திக்கடை. அப்பால கவர்மென்ட்டு. போர்டு மாறிகினே இருந்துச்சு. மூடுவான், தொறப்பான். பொம்பளைங்க மூடி இப்பதான் பாக்குறேன்.”

கிளாஸில் விரலை நனைத்துத் தரையில் ஒரு சொட்டுச் சுண்டினார்.

“இது என் தம்பிக்கு. செத்துப் பூட்டான். மொத சொட்டு செத்தவங்களுக்கு. கள்ளுக்கடை காலத்துலேர்ந்து இது மட்டும் மாறல.”

தனம் அவருக்கு எதிரே வந்து நின்றாள். “சுகுமார்னு ஒரு பையன் வருவானே... வீட்டைப் பத்தி எதுனா சொல்லுவானாண்ணே?”

“மெக்கானிக் சுகுமாரா? தங்கமான புள்ள. வூட்டைப் பத்திக் கேட்டா வாயே தொறக்க மாட்டான். ஆனா மொத சொட்டு அவங்கம்மாவுக்குத்தான், ஒரு நாள் தப்பாது. ‘நீதான் குடிக்க மாட்டியே, வாசனையாவது புடி’ம்பான். சிரிப்பான். சிரிச்சுகினே அழுவான். பாவம், தாயில்லாப் புள்ள.”

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆமா, நீ அவனுக்கு இன்னாம்மா வேணும்?”

கூடப் போராட்டத்தில் உட்கார்ந்த ஏஞ்சல் வாசலிலிருந்து கூப்பிட்டாள். “தனக்கா, எங்க போயிட்டீங்க? போட்டோவுக்கு நடுவுல நீங்கதான் நிக்கணும்!”

தனம் தரையைப் பார்த்தாள். சொட்டு விழுந்த இடம் அதற்குள் உலர்ந்துவிட்டிருந்தது.

போன வருஷத்து ஆடியில் அவனுடைய பையைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்தியிருந்தாள். “உங்கம்மா இன்னையோட செத்துட்டா, போடா!”

சொன்ன பேச்சை ஒரு நாளும் கேட்காத பிள்ளை என்றுதான் அவனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.