உள்ளே ஊறிய கட்டை

சாந்தோம் கரையில் உச்சி வெயில். பாய் போர்த்திக் கிடக்கும் மகனின் பிணத்தை முத்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் அலையில் அமிழ்ந்து அவனைக் கொன்ற கட்டுமரத்தின் மேல் ஏறி நின்று கோடாலியை ஓங்குகிறாள். தினமும் கட்டைகளைக் கட்டவிழ்த்துக் காயவைத்தால்தான் மிதக்கிற லேசான மரம் அது. பிளக்காமல் இரும்பை விழுங்கிக்கொள்கிறது. காலால் உதைத்து உருவி, அதே காயத்தில் மறுபடி மறுபடி வெட்டுகிறாள். கட்டியிருந்த கயிறு தெறித்து அறுகிறது.

“கட்டைய அவுத்துக் காயவெச்சியாடா?”

“வெச்சேங்கா! உள்ள சுக்கா காஞ்சி கீது. மாதா மேல சத்தியம்!” கட்டுமரத்துக்காரன் தேசப்பன் கைகூப்புகிறான்.

அவள் கோடாலியைப் பிடுங்குகிறாள். சாண் ஆழத்து வெட்டிலிருந்து கடல்தண்ணீர் குபுகுபுவென்று வழிந்து மணலை நனைக்கிறது. சுற்றி நிற்பவர்கள் தேசப்பனை விட்டு விலகுகிறார்கள். முத்தம்மா கட்டையிலிருந்து இறங்குகிறாள். கோடாலியைக் கீழே போடவில்லை.