நானூற்று எண்பது அடி

"கீசரை அணைச்சிட்டு வந்தியா, கேப்டன் மேடம்?"

"ஏன், அடுத்து குளிக்கிற சார் பாத்துக்க மாட்டாரா?"

கல்யாணமான இரண்டு வருடமும் காலையில் பிரசன்னா இதையே கேட்பான். நானும் இதையே சொல்வேன்.

இருவரும் ஒரே பள்ளியில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தோம். அங்கே இருந்தது ஒரே விமானம்.

அதிலும் ஒரு கீசர் ஸ்விட்ச் உண்டு என்பான். கடல்மட்டத்திலிருந்து எந்த உயரத்துக்குக் கீழே போகக் கூடாதோ, அந்த எண்ணைத் திரையில் வைக்க வேண்டும். அங்கே வந்ததும் ஒரு குரல் எச்சரிக்கும். ஓடுதளம் தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும்.

ஊருக்கு ஊர் எண் வேறு. அதனால், இறங்கியதும் அழித்துவிட வேண்டும்.

இன்று மதியம் மாமா வந்தார். பிரசன்னாவின் அப்பா. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனாலும் அம்பத்தூரிலிருந்து பஸ் பிடித்து, வானகரத்தில் டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் பயிற்சி அறைக்கு வந்திருந்தார்.

நாற்பது நாளாகவே எதையோ கேட்க என் அறை வாசலில் வந்து நிற்பார். பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போவார்.

தரையில் இருந்தபடியே ஓட்டிப் பழகும் மாதிரி விமானத்தின் இடது சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார்.

"இது பறக்காது மாமா."

போட்டுக்கொண்டார்.

அவர் சட்டைப் பையில் விபத்து விசாரணை அறிக்கை மடித்திருந்தது.

மழை மேகத்துக்குள் பிரசன்னா தனியாக இறங்கியிருக்கிறான். திரையில் முந்தின நாள் எண் அப்படியே இருந்திருக்கிறது. நானூற்று எண்பது அடி. அது கடலோர ஊருக்கான எண். அவன் இறங்கிய ஊரில் தரையே கடல்மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் அடி.

குரல் வரவே இல்லை.

அவன் சரிபார்த்திருக்க வேண்டும் என்கிறது அறிக்கை. முந்தின நாள் ஓட்டியவர் பெயர் அதில் இல்லை.

நான்தான் ஓட்டினேன்.

இறங்கி எஞ்சினை நிறுத்தும்போது போன் அடித்தது. மாமாதான். சாப்பிட வருவாயா என்று கேட்டார். இப்பத்தான் எறங்கினேன் மாமா, வந்துட்டேன் என்று பேசிக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. என் புள்ள இவ்ளோ அசால்ட்டா இருக்க மாட்டானே என்று அத்தை அழுதபோதும், பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

திரை விழித்தது. கண்ணாடி முழுக்க மேகம்.

எந்த ஊரில் இறக்கிக் காட்டட்டும் என்று கேட்டேன்.

மாமா அறிக்கையை எடுத்தார். பிரிக்காமல் மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"அவன் எறங்குன ஊருதாம்மா. அன்னிக்கு எங்கிட்ட போன்ல பேசிக்கினே அப்படியே விட்டுட்டு வந்தியே, அந்த நம்பரையே வெச்சுக் காட்டு."